செயற்கைப் புல் விரிக்கும் முன்: முற்றத்தில் தண்ணீர் தேங்குவதை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

செயற்கைப் புல் தண்ணீரைக் குடிக்காது. பாயின் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் கீழே இறக்கிவிடும், அவ்வளவுதான். மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் மழையைக் கடத்தும் என்று கடையில் சொல்லும் கணக்கு அந்தப் பாய்க்கு மட்டும் உரியது. கீழே இருக்கும் மண் வாங்கவில்லை என்றால் தண்ணீர் பாய்க்கடியில் நிற்கும். மேலே பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும். கால் வைத்தால் சளசளக்கும், சில வாரத்தில் நாறும். அப்போது சரிசெய்ய வேண்டுமானால் ஒட்டிய இணைப்பைக் கிழித்து, பாயைச் சுருட்டி, ஜல்லியை அள்ளி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என்று ஆண்டுக்கு இரண்டு முறை மண் நிறைந்து போகிறது. மண்ணும் சில கிலோமீட்டருக்குள் மாறிவிடுகிறது. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் செம்மண்ணும் அதற்கடியில் வெட்டுக்கல் என்னும் செம்பாறையும். நாஞ்சில் நாட்டில் வயலை நிரவிய மனைகளில் அடியில் களி. குளச்சல், முட்டம் பக்கம் மணல். அதனால் ஓர் ஊரில் பலித்த வைத்தியத்தை அடுத்த ஊரில் அப்படியே செய்தால் பணம் வீணாகலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மம்பட்டியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரப் போகிறது? தெருவோர ஓடையா, உறிஞ்சு குழியா, தோட்டத்தின் தாழ்ந்த மூலையா? போக்கிடம் முடிவாகாமல் குழாய் பதித்தால் தேக்கத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியதாகவே முடியும்.

முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்து முற்றத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எந்த மூலையிலிருந்து நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மழை விட்டு 1 மணி, 6 மணி, 24 மணி நேரம் கழித்து அதே இடங்களை மறுபடியும் படம் எடுங்கள். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

இரண்டாவது, மட்டம். கண்ணளவில் தெரியும் சரிவை நம்ப வேண்டாம். மதில், மரம், வீட்டுச் சுவர் எல்லாம் கண்ணை ஏமாற்றும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்து, 5 அடிக்கு ஒரு குச்சி வீதம் அடித்து ஒவ்வொன்றிலும் ஒரே மட்டத்தைக் குறியுங்கள். குறியிலிருந்து தரை எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்தால் மேடு பள்ளம் காகிதத்தில் வந்துவிடும். புல் தரைக்கு வேண்டிய சரிவு குறைந்தது 8 அடிக்கு 1 அங்குலம். களி மண் என்றால் 4 அடிக்கு 1 அங்குலம்.

மூன்றாவது, குழிச் சோதனை. 1 அடி அகலம், 1 அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முழுவதும் இறங்கிய பின் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளங்கள். முதல் முறைக் கணக்கு பயன்படாது, காய்ந்த மண் எதையும் குடிக்கும். மணிக்கு 1 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் நல்ல மண். அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் மண்ணை நம்பாமல் குழாயை நம்ப வேண்டும். முற்றத்தில் இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள். கட்டட வேலையின்போது லாரி நின்ற இடமும் கலவை போட்ட இடமும் மற்ற இடத்தைப் போல இராது.

"ஒரே இடத்தில் மட்டும் குட்டை கட்டுகிறது"

பெரும்பாலும் பழைய குழி. தென்னை மூட்டைத் தோண்டி எடுத்த இடம், செப்டிக் டேங்குக்குக் குழாய் போன பாதை, கட்டும்போது சுண்ணாம்பு நீற்றிய குழி: இவற்றைப் பொலபொல மண்ணால் மூடிவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தாழும். 10 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் சில அங்குலத்தில் நிற்கும் கம்பி அந்த இடத்தில் மட்டும் ஓர் அடிக்கு மேல் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மேலே ஒரு சட்டி மண் போட்டு நிரப்பினால் அடுத்த மழையில் மறுபடியும் தாழும். உறுதியான மண் தட்டும் வரை தோண்டுங்கள். மக்கிய வேர், சிரட்டை, பிளாஸ்டிக், உடைந்த ஓடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சரள் மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடியுங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்த ஈரத்தில்தான் மண் நன்றாக இறுகும். கட்டட இடிபாட்டால் நிரப்புவது கூடாது; செங்கல் துண்டுகளுக்கிடையே இருக்கும் பொந்துகளில் மேல்மண் நாளாவட்டத்தில் இறங்கும்.

"மழை விட்டு ஒரு நாள் ஆனாலும் முற்றம் முழுக்கச் சொதசொத என்று இருக்கிறது"

இது மண்ணின் குணம். வயல் நிரவிய மனையில் மேலே செம்மண் இருந்தாலும் அடியில் இருக்கும் களி தட்டுப் போலத் தண்ணீரைத் தாங்கி நிற்கும். மேற்கே சில இடங்களில் அதே வேலையை வெட்டுக்கல் செய்யும். குழிச் சோதனையில் முதல் அரை அடி வேகமாக இறங்கிவிட்டு அப்புறம் நின்றுவிட்டால் இதுதான் காரணம்.

இங்கே ஜல்லியை மட்டும் தடிமனாகப் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. போதாது. வெளியேற வழி இல்லாத ஜல்லிப் படுகை வெறும் தொட்டி. படுகைக்கடியில் வடிகுழாய் வேண்டும்.

தாழ்ந்த பக்கம் நோக்கி 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். 15 அடி அகலம் வரை உள்ள முற்றத்துக்குத் தாழ்ந்த ஓரத்தில் ஒன்று போதும். அதற்கு மேல் என்றால் 10 முதல் 12 அடிக்கு ஒன்று. வாய்க்காலின் அடியே சரிவாக இருக்க வேண்டும்: 30 அடிக்கு 4 அங்குலம். அதில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணியை இருபுறமும் மேலே ஏறி மடியும்படி விரித்து, 2 அங்குல உயரத்துக்கு முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலக் கல்) போட்டு, துளை போட்ட 4 அங்குல பிவிசி குழாயை வைத்து, மேல்வரை ஜல்லியால் மூடி, துணியை 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடித்துவிடுங்கள். துணியைக் குழாயின் மேல் மட்டும் சுற்றுவது பலர் செய்யும் தப்பு. அப்படிச் சுற்றினால் களியின் நுண்துகள் அந்தச் சிறு பரப்பில் படிந்து சீக்கிரமே அடைத்துவிடும். வாய்க்கால் முழுவதற்கும் துணி போட்டால் வடிகட்டும் பரப்பு பல மடங்காகிறது.

துளை போட்ட குழாய் கிடைக்காவிட்டால் சாதாரணக் குழாயில் 8 மில்லிமீட்டர் துளைகளை 4 அங்குல இடைவெளியில் இரண்டு வரிசையாகப் போடலாம். துளைகள் கீழ்ப்புறம், இடமும் வலமும் சாய்ந்தாற்போல் இருக்கட்டும். தண்ணீர் மட்டம் கீழிருந்துதான் ஏறி வரும். துளையை மேலே பார்த்து வைத்தால் குழாய் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற பிறகே வேலை தொடங்கும். வளைவில் ஒரே 90 பாகை எல்போ வேண்டாம், இரண்டு 45 பாகை போடுங்கள். பின்னால் அடைப்பெடுக்கும் கம்பி நுழைய வேண்டும். மேல்முனையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து மூடி போட்ட குழாயைத் தரைமட்டம் வரை எழுப்பிவிடுங்கள்.

30 அடி வாய்க்காலுக்கு ஏறக்குறைய 42 கன அடி முக்கால் ஜல்லி, 6 அடி அகலத் துணி 32 அடி நீளம், குழாய் 30 அடி. செலவில் பெரும்பகுதி மண் வெட்டும் கூலிதான், ஆகவே பொருளில் சிக்கனம் பிடித்து லாபமில்லை.

"வீட்டுச் சுவரோரம் தண்ணீர் நிற்கிறது, உள்சுவரில் ஈரம் ஏறுகிறது"

புல்லை மறந்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள். வீடு கட்டி முடித்த பிறகு முற்றத்தில் மண்ணடித்து மண்ணடித்து அடித்தள மட்டம் வரை உயர்த்தியிருப்பார்கள். புல் வேலைக்கு மேலும் 5 அங்குலம் ஏறும். கடைசியில் ஜல்லியும் பாயும் சுவரின் ஈரத்தடுப்புக் கலவையைத் தாண்டிப் போய்விடும்.

முடிந்த புல் தரை வீட்டின் உள்தரை மட்டத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே நிற்க வேண்டும். இடமில்லை என்றால் மண்ணை வெட்டி வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சுவரிலிருந்து முதல் 6 அடிக்கு, 4 அடிக்கு 1 அங்குலம் என்ற சரிவில் வெளிப்புறம் பார்த்துத் தரையைத் திருப்புங்கள். சுவரை ஒட்டி 1 அடி அகலத்துக்குப் புல் போடாமல் கூழாங்கல் பட்டை விட்டால் சுவர் காயவும் வழி கிடைக்கும், பாயின் ஓரத்தில் கரையானோ பாசியோ வந்தால் கண்ணிலும் படும்.

"கூரைத் தண்ணீர் விழுந்து மண்ணைப் பறிக்கிறது"

ஓட்டு வீட்டின் இறவானத் தண்ணீரும் சன்ஷேடு குழாயும் நேரே விழும் இடத்தில் புல் போட்டால் புல்லிழைகளுக்கிடையே நிரப்பிய மணல் முதல் பெருமழையிலேயே பறந்துவிடும். 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சேர்வது ஏறக்குறைய 2,360 லிட்டர். அத்தனையும் இரண்டு மூன்று குழாய் வழியாக ஓரிடத்தில் கொட்டுகிறது. முற்றத்து மழையைவிடக் கூரை மழைதான் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி.

கூரைத் தண்ணீருக்குத் தனிக் குழாய், அதுவும் துளையில்லாத குழாய். துளைக் குழாயோடு இதை இணைத்தால் கூரையின் வேகத் தண்ணீர் துளை வழியே வெளியேறி உங்கள் படுகையையே நிறைக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்கக்கூடும். அதைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் வண்டல் நிறைந்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். தூர் வாரினாலே பாதித் தேக்கம் தீர்ந்துவிடுவதுண்டு.

புதிதாகக் குழி போடுவதானால் 3 அடி விட்டமுள்ள உறைகளை 6 அடி ஆழத்துக்கு இறக்கினால் 1,200 லிட்டர் பிடிக்கும். உள்ளே முழுக்க ஜல்லி நிரப்பிவிட்டால் கல்லுக்கிடையே உள்ள வெற்றிடம் மட்டுமே மிஞ்சும், 400 முதல் 450 லிட்டர்தான். ஆகவே உறைக்குள் அடியில் மட்டும் 1 அடி ஜல்லி போதும். உறைக்கு வெளியே சுற்றிலும் ஜல்லி கொடுங்கள். குழி அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளி இருக்கட்டும். நிறைந்தால் வழிந்து போக ஒரு குழாயும் கட்டாயம் வேண்டும். கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடலாம். புல் தரையில் வடியும் தண்ணீரைக் கிணற்றில் விடாதீர்கள், நாய் பூனை கழிவதும் புல்லில் தெளிக்கும் மருந்தும் அதோடு போகும்.

"மழை விட்டு மூன்று நாள் கழித்தும் மேட்டுப் பக்கம் கசிகிறது"

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் விளைகளின் சரிவில் வீடு இருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, கடினமான அடுக்கின் மேல் நடந்து, உங்கள் மதிலடியில் ஊற்றாக வெளிவருகிறது. முற்றத்துக்குள் எத்தனை குழாய் போட்டாலும் பயனில்லை. தண்ணீரை நுழையும் இடத்திலேயே மறிக்க வேண்டும். மேட்டுப்பக்க ஓரத்தில் 2 முதல் 3 அடி ஆழத்துக்கு, கசிவு வரும் அடுக்கைத் தாண்டி, முன்சொன்ன மாதிரியே துணியும் ஜல்லியும் குழாயும் உள்ள வாய்க்கால் வெட்டி இரு பக்கமாகவோ ஒரு பக்கமாகவோ திருப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: கசிவை நிறுத்துகிறேன் என்று மண்தாங்கிச் சுவரில் இருக்கும் வடிதுளைகளைச் சிமெண்டால் பூசி அடைப்பது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அந்த அழுத்தம் சுவரையே தள்ளிச் சாய்த்துவிடும். துளையில்லாத சுவர் என்றால் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலத் துளை போட்டு, வரும் தண்ணீரைப் பிடிக்க அடியில் சிறு ஓடை கட்டுங்கள். திருப்பிவிடும் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

"குழி தோண்டினால் அடியிலிருந்து தண்ணீர் ஊறுகிறது"

மணக்குடிக் காயல் ஓரத்திலும், குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலும், சானல் (பாசனக் கால்வாய்) கரைகளிலும் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மேலே வந்துவிடும். மணல் மண்தானே, தண்ணீர் இறங்கிவிடும் என்று நினைப்போம். இறங்கும், இறங்க இடமிருந்தால். கார்த்திகையில் 3 அடி குழி எடுத்து மறுநாள் பாருங்கள். தண்ணீர் நின்றால் உறிஞ்சு குழி யோசனையை விட்டுவிடுங்கள். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 4 அடி மண் இருந்தால்தான் அது வேலை செய்யும். இங்கே தரையை உயர்த்துவதும், 4 அடிக்கு 1 அங்குலம் சரிவு கொடுத்து மேலோடேயே தண்ணீரை வழியவிடுவதும்தான் வழி. உயர்த்தவும் நிரப்பவும் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அது அனுமதி இல்லாத செயல். உப்பு தாங்கிய அந்த மணல் பாயைப் பிடிக்கும் ஆணியையும் துருப்பிடிக்க வைக்கும்.

"தெரு ஓடை நிறைந்தால் தண்ணீர் திரும்பி உள்ளே வருகிறது"

தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துபோன இடங்களில் வீட்டு முற்றம் பள்ளமாகிவிட்டது. தெருவோடையின் அடிமட்டம் உங்கள் குழாய் வாயைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று டியூப் மட்டத்தால் பாருங்கள். தாழ்ந்திருந்து, மழை உச்சத்தில் மட்டும் திரும்புகிறது என்றால் தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஓர் என்ஆர்வி வால்வு போதும். தாழ்ந்தே இல்லை என்றால் 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழத்தில் தொட்டி கட்டி, மிதவை சுவிட்சுள்ள அரை குதிரைத்திறன் அழுக்குநீர் பம்பு வைக்க வேண்டும். பம்பை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். 2017 ஒக்கி புயலின்போது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தொட்டி நிறைந்தால் வீட்டுப் பக்கம் வராமல் தோட்டத்துப் பக்கம் வழியும்படி விளிம்பைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

"மழையே இல்லாத மாதத்திலும் ஈரம், நாற்றம்"

இது மழைத் தண்ணீர் அல்ல. துணி துவைக்கும் இடத்துக் கழிவுக் குழாயில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றிப் பாருங்கள். ஈர இடத்தில் நிறம் தெரிந்தால் குழாய் உடைந்திருக்கிறது. இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் நல்ல தண்ணீர்க் குழாயில் ஒழுக்கு. மலநாற்றம் வந்தால் செப்டிக் டேங்கைத் திறந்து பார்க்க ஆள் அழையுங்கள், நீங்களே உள்ளே இறங்க வேண்டாம், விஷவாயு உயிரைக் கொல்லும். இதைச் சரிசெய்யாமல் புல் விரிக்கவே கூடாது.

படுகையும் கடைசிச் சோதனையும்

நன்றாக வடியும் தரையைப் பாய்க்கடியில் போடும் படுகையே கெடுத்துவிடுவதும் உண்டு. பாறைப்பொடி மலிவாகக் கிடைக்கிறது, நன்றாக இறுகுகிறது என்று 4 அங்குலத்துக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். நனைத்து இடித்த பாறைப்பொடி ஏறக்குறைய தளம் மாதிரி இறுகிவிடும், தண்ணீர் இறங்காது. சரியான அடுக்கு: இடித்த மண்ணின் மேல் ஜியோ துணி, அதன்மேல் பொடி நீக்கிய அரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் கலந்து 4 அங்குலம், மேலே கால் அங்குலச் சிப்ஸ் கல் 1 அங்குலம். 20 அடிக்கு 15 அடி முற்றம், அதாவது 300 சதுர அடிக்கு, இறுகுவதற்குச் சேர்த்து ஒன்றேகால் யூனிட் (125 கன அடி) ஜல்லியும் 30 கன அடி சிப்ஸும் வேண்டும். இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு அதிர்த்து இறுக்கும் பிளேட் வைப்ரேட்டரை ஓட்டுங்கள். மண்ணுக்குக் கொடுத்த அதே சரிவு ஒவ்வொரு அடுக்கிலும் இருக்க வேண்டும். மண்ணை மட்டமாக விட்டு ஜல்லியில் மட்டும் சரிவு காட்டினால் அடியில் தண்ணீர் நிற்கும்.

பாயைப் பிரிப்பதற்கு முன், 10 சதுர அடிக்கு ஒரு வாளி வீதம் 300 சதுர அடிக்கு 30 வாளித் தண்ணீரைப் பத்து நிமிடத்தில் படுகையின் மேல் ஊற்றுங்கள். மேற்பரப்பில் 5 நிமிடத்துக்கு மேல் எங்கும் நிற்கக் கூடாது. குழாய் வாயில் தண்ணீர் வரத் தொடங்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அங்கே பொடி கூடியிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் அள்ளி மாற்றுங்கள். எங்கும் நிற்காமல், ஆனால் குழாயிலும் வராமல் போனால், மண்ணே குடிக்கிறதா குழாயின் சரிவு தப்பா என்று மேல்முனை மூடியைத் திறந்து ஒரு வாளி ஊற்றித் தெரிந்துகொள்ளலாம்.

ஐப்பசி கார்த்திகையில் பார்த்துக் குறித்து வைத்து, தை, மாசி, பங்குனியில் வேலையை முடிப்பது நல்லது. ஈரமான களியை இடித்தால் அது இறுகாது, பிசைந்த மாவாகிவிடும். ரப்பர் இலை உதிர்வதும் அந்தச் சமயத்தை ஒட்டித்தான். ஆகவே வண்டல் பிடிக்கும் தொட்டியை ஒன்றரை அடிச் சதுரத்தில், குழாய் வாய் தொட்டியின் அடியிலிருந்து 6 அங்குலம் மேலே இருக்கும்படி கட்டி, மேலே கம்பிவலை போடுங்கள். வைகாசி முடிவதற்குள் அதை ஒருமுறை, புரட்டாசியில் இன்னொருமுறை வாரிவிட வேண்டும்.